பள்ளியில் பிள்ளைக்கு மனநெருக்கடி, வாசலில் போலீஸ்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை கத்தி அழுது மேசையைத் தள்ளிவிட்டால், ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள். அமெரிக்க அரசுப் பள்ளிகள் பலவற்றில், அம்மாவோ அப்பாவோ வந்து சேர்வதற்குள் இடுப்பில் துப்பாக்கியும் கைவிலங்கும் உள்ள ஒரு போலீஸ்காரர் அந்த அறைக்குள் நிற்பார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் குற்றத்தைத் தடுக்கவும் ஆளை அடக்கவும்தான் அவருக்குப் பெரும்பாலான பயிற்சி. மனம் கலங்கி நிற்கிற குழந்தைக்கு வேண்டியது நேரம், அமைதி, தெரிந்த முகம்.

இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லவருவது ஒரு விஷயத்தைத்தான். நெருக்கடி வரும் நாளில் யார் முதலில் உங்கள் பிள்ளையிடம் போகவேண்டும் என்பதை, அந்த நாள் வருவதற்கு முன்பே பள்ளியோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவுசெய்துவிடுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் பள்ளி தன் வழக்கப்படி போகும். அந்த வழக்கம் பல இடங்களில், போலீஸையும் ஆம்புலன்ஸையும் வரவழைக்கும் 911 என்ற அவசர எண்ணில் போய் முடிகிறது.

"நம்ம பிள்ளைக்கு அதெல்லாம் வராது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2023-ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், நீடித்த சோகமோ நம்பிக்கையின்மையோ இருந்ததாகச் சொன்னவர்கள் 40 சதவீதம். தற்கொலையைப் பற்றித் தீவிரமாக நினைத்ததாகச் சொன்னவர்கள் 20 சதவீதம். ஊர் மாறி, பள்ளி மாறி, பேச்சு மாறி வந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சுமை இன்னும் கொஞ்சம் கூடுதல்தான்.

அந்தச் சீருடை யாருடையது

பள்ளியில் நிற்கும் எல்லாச் சீருடைக்காரரும் ஒன்றல்ல. எஸ்.ஆர்.ஓ. என்று அழைக்கப்படும் ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர், நகரப் போலீஸையோ கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தையோ சேர்ந்த, கைது செய்யும் அதிகாரமுள்ள முழுப் போலீஸ். பள்ளி முதல்வர் அவருக்கு மேலதிகாரி அல்ல. லாஸ் ஏஞ்சலஸ், மியாமி-டேட், ஹூஸ்டன் போன்ற பெரிய கல்வி மாவட்டங்களுக்குச் சொந்தப் போலீஸ் துறையே உண்டு. நியூயார்க் நகரில் ஸ்கூல் சேஃப்டி ஏஜெண்ட்டுகள் 1998 முதல் நகரப் போலீஸின் கீழ் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் துப்பாக்கி இல்லை, விலங்கு மாட்டும் அதிகாரம் உண்டு. இவர்களோடு தனியார் செக்யூரிட்டி கார்டுகளும் இருப்பார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாண்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ஃப்ளோரிடா ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. டெக்சஸ் 2023-ல் ஒவ்வொரு பள்ளி வளாகத்துக்கும் ஆயுதம் தாங்கிய அதிகாரி என்றது. மினியாபொலிஸ் பள்ளிகள் 2020-ல் போலீஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. அதே ஆண்டு விலக்க முடிவெடுத்த டென்வர், 2023-ல் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே பக்கத்து மாநில நண்பர் சொன்ன அனுபவத்தை வைத்து உங்கள் பள்ளியை எடைபோடாதீர்கள்.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்று விஷயம் கேளுங்கள். இங்கே இருக்கும் அதிகாரி எந்தத் துறையைச் சேர்ந்தவர்? கல்வி மாவட்டத்துக்கும் போலீஸ் துறைக்கும் இடையிலான புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் நகல் எங்கே கிடைக்கும்? பிள்ளைக்கு மனநெருக்கடி வந்தால் 911-ஐக் கூப்பிடுவதற்கு முன் பின்பற்றும் நடைமுறை எழுத்தில் இருக்கிறதா? அந்த ஒப்பந்தம் பொதுவாகப் பொது ஆவணம். கேட்பதற்குத் தயங்கவேண்டாம்.

நகல் கைக்கு வந்ததும் முழுதும் படிக்க நேரமில்லை என்றால், இவற்றை மட்டும் தேடுங்கள்: சாதாரண ஒழுங்குப் பிரச்சினையில் போலீஸ் தலையிடாது என்ற வாசகம், மனநெருக்கடியில் முன்னிலை வகிப்பவர் யார் என்பது, சிறுபிள்ளைகளுக்கு விலங்கு மாட்டுவது பற்றிய விதி, பெற்றோருக்கு எப்போது தகவல் சொல்லவேண்டும் என்பது, அதிகாரியின் பயிற்சி. பயிற்சியில் கேட்கவேண்டியது சி.ஐ.டி. பயிற்சி. மனநெருக்கடியில் இருப்பவரைப் போலீஸ் எப்படி அணுகவேண்டும் என்று கற்றுத்தரும் இது 1988-ல் மெம்ஃபிஸில் தொடங்கியது, வழக்கமாக 40 மணி நேரம். அதிகாரிக்கு அது இல்லையென்றால், அவர் தூரத்தில் நிற்கவேண்டும் என்று உங்கள் பிள்ளையின் திட்டத்தில் எழுதவைக்க அதுவே வலுவான காரணம்.

பள்ளியில் கவுன்சலர் எத்தனை பேர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 250 மாணவர்களுக்கு ஒருவர் என்பது கவுன்சலர்கள் சங்கத்தின் பரிந்துரை. தேசிய சராசரியோ 370-க்கு மேல். கவுன்சலர் வேறு பள்ளிக்குப் போயிருக்கும் நாளில், பக்கத்தில் இருப்பவர் போலீஸ் மட்டும்தான். பல சம்பவங்கள் போலீஸ் கைக்குப் போவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல, இந்த ஆள் பற்றாக்குறைதான்.

முன்கூட்டியே செய்யவேண்டிய நான்கு வேலை

முதல் வேலை, மதிப்பீடு கேட்பது. பிள்ளைக்கு ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., கடும் பதற்றம், மனச்சோர்வு எதுவாக இருந்தாலும், சந்தேகம் மட்டுமே இருந்தாலும், தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். வாசலில் ஆசிரியரைப் பார்த்துச் சொன்னது கணக்கில் வராது. ஐடியா என்கிற சிறப்புக் கல்விச் சட்டப்படி, நீங்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடியவேண்டும். மாநிலம் தனக்கென்று வேறு கெடு வைத்திருந்தால் அது பொருந்தும். "கொஞ்ச மாதம் கவனித்துப் பார்ப்போம்" என்ற பதில் வரலாம். கவனிக்கட்டும். அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வெளியில் டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் ஆரம்பிப்போம் என்று சொன்னாலும் ஏற்கவேண்டியதில்லை.

மதிப்பீட்டின் முடிவில், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கென்று தனியாக எழுதப்படும் கல்வித் திட்டமான ஐ.இ.பி. கிடைக்கலாம், அல்லது குறைபாடுள்ளவர்களிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின் கீழ் ஒரு திட்டம் கிடைக்கலாம். எதுவானாலும் அதற்குள் நெருக்கடித் திட்டம் தனிப் பகுதியாக இருக்கவேண்டும். ஐ.இ.பி. என்றால், எந்தச் சூழலில் பிள்ளை கொந்தளிக்கிறது, அதனால் அதற்கு என்ன கிடைக்கிறது என்று ஆராயும் நடத்தை மதிப்பீட்டையும், அதன்மேல் எழுதப்படும் நடத்தை ஆதரவுத் திட்டத்தையும் கேளுங்கள். ஐ.இ.பி. கூட்டத்தில் உங்களுக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பாளர் வைப்பது பள்ளியின் கடமை. அலுவலக ஆங்கிலம் நன்றாக வரும் பெற்றோர்கூட இந்தக் கூட்டத்தில் தடுமாறுவதுண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது வேலை, ஒரே பக்கத்தில் ஒரு நெருக்கடித் தாள். ஐ.இ.பி. முப்பது பக்கம் இருக்கும். அவசரத்தில் யாரும் அதைப் புரட்டமாட்டார்கள். இந்தத் தாளை நின்றபடி அரை நிமிடத்தில் படித்துவிட முடியவேண்டும். மேலே பிள்ளையின் புகைப்படம், கூப்பிடும் பெயர், அந்தப் பெயரை உச்சரிக்கும் விதம். அதன்கீழ் இப்படி:

"அதிகமான சத்தமும், திடீரென்று திட்டம் மாறுவதும் இவனைக் கலங்கவைக்கும். கலங்குவதற்கு முன் காதைப் பொத்துவான், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வான். அப்போது லைட்டைக் குறையுங்கள், மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். தொடவேண்டாம். கண்ணைப் பார்க்கச் சொல்லவேண்டாம். கதவை மறிக்கவேண்டாம். 20 முதல் 40 நிமிடம் கொடுங்கள். தண்ணீர் குடித்தால் தணிகிறான் என்று பொருள். முதலில் வரவேண்டியவர் கவுன்சலர், அடுத்து நர்ஸ், பிறகு இந்த எண்ணில் பெற்றோர், பிறகு இந்த எண்ணில் நடமாடும் நெருக்கடிக் குழு. ஆயுதமோ உயிருக்கு உடனடி ஆபத்தோ இருந்தால் மட்டும் 911. அழைத்தால், மனநெருக்கடி என்றும் ஆயுதம் இல்லை என்றும் சொல்லுங்கள்."

கடைசி வரி முக்கியம். 911-ல் எடுப்பவர் கேட்ட வார்த்தைகள்தான் வருகிற அதிகாரியின் காதுக்குப் போகும். "மாணவர் வன்முறையில் ஈடுபட்டிருக்கிறார்" என்று போனால் அவர் ஒரு மாதிரி வருவார். "பத்து வயதுப் பையன், ஆட்டிசம் உண்டு, ஆயுதம் இல்லை, கவுன்சலர் கூட இருக்கிறார்" என்று போனால் வேறு மாதிரி வருவார்.

தாளை வகுப்பாசிரியர், கவுன்சலர், நர்ஸ், முன் அலுவலகம் நான்கு பேரிடமும் கொடுங்கள். எல்லோரும் மறக்கும் இரண்டு இடங்கள் உண்டு: மாற்று ஆசிரியருக்கான கோப்பு, பள்ளிப் பேருந்தின் டிரைவர். வழக்கமான ஆசிரியர் லீவு போட்ட நாளில்தான் பிள்ளையைத் தெரியாத ஒருவர் அங்கே நிற்கிறார். எஸ்.ஆர்.ஓ.வுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம், ஆனால் நோயின் பெயர், மருந்து, வீட்டு விவகாரம் எதுவும் இல்லாத பிரதி. பள்ளிக் கோப்புகளைக் காக்கும் ஃபெர்பா சட்டம் போலீஸின் சொந்தப் பதிவேடுகளுக்குப் பொருந்தாது. என்ன செய்தால் தணிவான், என்ன செய்தால் மோசமாகும் என்பது அவருக்குப் போதும்.

பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு நாளில் அந்த அதிகாரியை அறிமுகம் செய்துவையுங்கள். ஐந்து நிமிடம் போதும். கண்ணைப் பார்க்காமல் இருப்பதையும், பையில் கையை விட்டு எதையோ உருட்டிக்கொண்டே இருப்பதையும், கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வதையும் எதிர்ப்பு என்றோ ஒளிப்பது என்றோ நினைத்த அதிகாரிகள் உண்டு. முன்பே ஒருமுறை பார்த்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

மூன்றாவது வேலை, போலீஸ் இல்லாத உதவி எண்ணைத் தெரிந்துவைப்பது. தற்கொலை எண்ணத்துக்கும் மனநெருக்கடிக்குமான உதவி எண் 988 நாடு முழுவதும் பொருந்தும், 2022 ஜூலை 16 முதல் இயங்குகிறது. கூப்பிடலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அழைப்பில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். இதற்கு மேல், பல மாநிலங்களில் மனநல ஊழியர்கள் நேரில் வரும் நடமாடும் குழுக்கள் உண்டு. நம்மவர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சியில் பிள்ளைகளுக்கான சேவையை 1-877-652-7624 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். அவசரமென்றால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கோ பள்ளிக்கோ வருவார்கள். உங்கள் கவுண்டியில் இப்படி ஒன்று இருக்கிறதா, பள்ளிக்குள் வருவார்களா, எத்தனை மணி வரை வேலை செய்கிறார்கள் என்று இன்றே கேட்டு, அந்த எண்ணைத் திட்டத்தில் ஏற்றுங்கள். ஃப்ளோரிடாவில், உடனடி ஆபத்து இல்லாதபோது, பிள்ளையைக் கட்டாய மனநலப் பரிசோதனைக்கு அனுப்புமுன் மனநல நிபுணர் ஒருவரை, நடமாடும் குழுவிலிருந்தேனும், அணுக முயலவேண்டும் என்று பள்ளிகளுக்கு விதியே இருக்கிறது. விதி இருப்பது முன் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, ஆகவே எண்ணை நீங்களே கொடுங்கள்.

நான்காவது வேலை மிகச் சிறியது, ஆனால் அதிகம் சறுக்குவது இதில்தான். அவசரத் தொடர்புப் படிவம். தெரியாத எண் என்றாலே ஸ்பேம் என்று எடுக்காமல் விடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பள்ளியின் எண், நர்ஸின் எண், கல்வி மாவட்டத்தின் எண் மூன்றையும் போனில் சேமித்து, மௌன நிலையிலும் ஒலிக்கும்படி வையுங்கள். வாய்ஸ்மெயில் நிரம்பியிருந்தால் காலி செய்யுங்கள். இருவரும் ஒரு மணி நேரத் தொலைவில் வேலை பார்த்தால், 15 நிமிடத்தில் பள்ளிக்கு வரக்கூடிய, ஆங்கிலம் பேசத் தயங்காத ஒரு நண்பரின் பெயரை மூன்றாவதாகப் போடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை மட்டும் போட்டுவிட்டு இருக்கவேண்டாம்.

அழைப்பு வந்ததும்

பள்ளியிலிருந்து கூப்பிடும்போது பதறாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். பிள்ளை எங்கே இருக்கிறான்? கூட யார் இருக்கிறார்கள்? காயம் உண்டா? 911-ஐயோ போலீஸையோ கூப்பிட்டுவிட்டீர்களா? யாராவது அவனைப் பிடித்தார்களா, விலங்கு மாட்டினார்களா? பதில்களை மணியோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் சொல்லவேண்டியது: "இத்தனை நிமிடத்தில் வந்துவிடுவேன். நெருக்கடித் திட்டத்தைப் பின்பற்றுங்கள். நான் வரும்வரை அதிகாரி அவனிடம் விசாரணை செய்யவேண்டாம். மருத்துவ மதிப்பீடு வேண்டுமென்றால் நானே இப்போதே கூட்டிப்போகத் தயார்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மிகுந்த மதிப்பு உண்டு. கட்டாயப் பரிசோதனை என்பது, தானாக மருத்துவமனைக்குப் போக வழியில்லாதபோது, ஒப்புதல் இல்லாமலே மனநலப் பரிசோதனைக்குக் கொண்டுபோகப் பயன்படுத்தும் அதிகாரம். பெற்றோர் தயார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பல இடங்களில் அந்தப் பேச்சே எழாது. அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னால் பெரும்பாலும் பயனில்லை. ஆகவே வண்டியில் ஏறுமுன் போனிலேயே சொல்லுங்கள், முடிந்தால் அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒருவர் வண்டி ஓட்ட, மற்றவர் போனில் இருப்பது நல்லது.

பிள்ளை கையில் உண்மையான ஆயுதம் இருக்கிறது, கூரையில் ஏறி நிற்கிறான், எதையாவது விழுங்கிவிட்டான் என்றால் 911 வருவதே சரி. அதைத் தடுக்க முயலவேண்டாம்.

பள்ளிக்குள் நுழைந்ததும் அடையாள அட்டையைக் காட்டி, கைகள் தெரியும்படி, மெதுவாக நடந்து போங்கள். அதிகாரியின் கையைப் பிடிப்பதோ, பிள்ளையை அவரிடமிருந்து இழுப்பதோ கூடாது. பணியைத் தடுத்ததாக உங்கள் மேலேயே வழக்கு வரலாம். பிள்ளையிடம் தமிழில் பேசுவதற்கு முன், "அவனை அமைதிப்படுத்த எங்கள் மொழியில் பேசப்போகிறேன்" என்று அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். புரியாத மொழியில் அவசரமாகப் பேசுவது அவர்களைச் சந்தேகப்படவைக்கும்.

பிறகு பிள்ளையின் உயரத்துக்குக் கீழே உட்காருங்கள். "அம்மா வந்துட்டேன். யாரும் உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. இப்ப எதுவும் பேச வேண்டாம்." அவ்வளவு போதும். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டியே", "அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு இங்க வந்திருக்கேன் தெரியுமா" என்று ஆரம்பித்தால், தணியத் தொடங்கிய பிள்ளை திரும்பக் கொந்தளிக்கும். பக்கத்தில் நிற்கும் அதிகாரி அதைத்தான் பார்ப்பார்.

கொந்தளிப்பின் உச்சத்தில் பிள்ளையின் மூளை பேச்சை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பதில்லை. "நில், கையைக் காட்டு, என்னைப் பார்" என்று அடுத்தடுத்து வரும் கட்டளைகள் பலிக்காமல் போவது அதனால்தான். கட்டளைக்குப் பணியாதது எதிர்ப்பாகத் தெரிகிறது, எதிர்ப்புக்குப் பதில் கை வைப்பது, கை வைத்தால் பிள்ளை உதைக்கிறது, உதைத்தது அதிகாரியைத் தாக்கிய குற்றமாகிறது. ஐந்து நிமிடத்தில் மனநெருக்கடி கிரிமினல் வழக்காகும் பாதை இதுதான். இதை உடைக்க நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று: "ஆயுதம் இல்லை. தயவுசெய்து கதவருகே நின்றுகொள்ளுங்கள், கவுன்சலரும் நானும் பேசுகிறோம்."

விலங்கு ஏன் மாட்டுகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல போலீஸ் துறைகளில், தங்கள் காரில் ஏற்றும் யாருக்கும் விலங்கு மாட்டவேண்டும் என்பது பொது விதி, வயது பார்ப்பதில்லை. அதனால் காருக்குப் பதில் ஆம்புலன்ஸ் கேளுங்கள், கூடவே நீங்கள் ஏறிக்கொள்ள அனுமதி கேளுங்கள். டெக்சஸில் 2023-ல் வந்த சட்டம், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளை, கடுமையான ஆபத்து இல்லாதபோது, பள்ளிப் போலீஸ் கட்டுவதைத் தடுக்கிறது. கென்டக்கியின் கென்டன் கவுண்டியில் 2014-ல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஷெரிஃப் துறை எஸ்.ஆர்.ஓ. ஒருவர் பின்னால் கைகளை வளைத்து, மணிக்கட்டு சிறியதாக இருந்ததால் முழங்கைக்கு மேலே விலங்கு மாட்டினார். சிறுவனுக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது, எடை ஐம்பது பவுண்டு சொச்சம். அது அளவுக்கு மீறிய பலப்பிரயோகம், அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2017-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் கல்வி மாவட்டத்தின் வழக்கறிஞருக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்கும்.

தன்னைப் பற்றிச் சொன்னதா, பிறரை மிரட்டியதா

"செத்துப்போகலாம்னு இருக்கு" என்பதும் "அவனைக் கொன்னுடுவேன்" என்பதும் பள்ளிக்குள் இரண்டு வேறு வாசல்களைத் திறக்கும்.

முதலாவது தற்கொலை அபாய மதிப்பீட்டுக்குப் போகும். பல பள்ளிகள் கொலம்பியா அளவுகோல் எனப்படும் ஆறு கேள்விகளைப் பயன்படுத்துகின்றன. இதைக் கேட்கவேண்டியவர் கவுன்சலரோ பள்ளி உளவியலாளரோ. போலீஸ் கேட்டால் பிள்ளை ஒன்று மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லும். யார் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று விசாரித்து, நகல் கேளுங்கள்.

இரண்டாவது மிரட்டல் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும், அங்கே போலீஸும் உட்கார்ந்திருப்பார். ஆத்திரத்தில் வாய்தவறி வந்த பேச்சா, உண்மையில் திட்டமிட்டதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. ஆனால் இது குற்றமாகவும் திரும்பக்கூடியது, அதனால் பிள்ளைக்கு மூன்று வாக்கியம் கற்றுக்கொடுங்கள்: "நான் இப்போது பேச விரும்பவில்லை. எனக்கு அப்பா அம்மா வரவேண்டும். எனக்கு வழக்கறிஞர் வேண்டும்." மரியாதையாக, திரும்பத் திரும்ப, இதை மட்டும். போலீஸ் விசாரிக்குமுன் பெற்றோருக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற விதி எல்லா மாநிலத்திலும் கிடையாது. கலிஃபோர்னியாவில் 17 வயதுவரை உள்ளவர்களைக் காவலில் வைத்து விசாரிக்குமுன் வழக்கறிஞரிடம் பேசவைக்கவேண்டும். மற்ற இடங்களில், பிள்ளையின் வயதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்ன பாதுகாப்பு உண்டு, ஆனால் அது பிறகு நீதிமன்றத்தில் வாதாடும்போதுதான் உதவும்.

பள்ளி கொடுத்த குரோம்புக்கில் எழுதுவதையும் மறக்கவேண்டாம். காகிள், கோகார்டியன் போன்ற மென்பொருள்கள் பள்ளிக் கணக்குகளில் எழுதப்படுவதை அலசுகின்றன. இரவு பதினொரு மணிக்கு டாக்குமெண்ட் ஒன்றில் பிள்ளை கொட்டித் தீர்த்த வரிகளுக்காக, வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டலாம். தட்டினால் வாசலில் நின்று பேசி, பிள்ளை நலமாக இருப்பதைக் காட்டி, நாளையே மருத்துவரைப் பார்க்கப்போவதைச் சொல்லுங்கள். அந்த வரிகளுக்காகப் பிள்ளையைத் திட்டவேண்டாம். அது எழுதியது உதவி கேட்டுத்தான்.

கட்டாயப் பரிசோதனையும் இ.ஆரும்

கட்டாயப் பரிசோதனைக்கு இடம் தரும் சட்டத்தை ஃப்ளோரிடாவில் பேக்கர் ஆக்ட் என்பார்கள், 1971-ஆம் ஆண்டுச் சட்டம். 72 மணி நேரம்வரை பிடித்துவைக்கலாம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் போய்ச்சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் பரிசோதனை தொடங்கவேண்டும். பள்ளியிலிருந்து கொண்டுபோகுமுன் பெற்றோரைத் தொடர்புகொள்ள நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்று 2021-ல் சேர்த்தார்கள். கலிஃபோர்னியாவில் சிறுவர்களுக்கு 5585 என்ற பிரிவு, இதுவும் 72 மணி. டெக்சஸில் போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமல் கொண்டுபோகலாம், பொதுவாக 48 மணி. இந்த மணிக்கணக்கு உச்ச வரம்பு. அபாயம் இல்லை என்று மருத்துவர் முடிவு செய்தால் அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பலாம்.

அந்த இடத்தில் கேளுங்கள்: "இது கட்டாயப் பிடிப்பா? எந்தச் சட்டத்தின் கீழ்? கையெழுத்துப் போட்டது யார்? எந்த மருத்துவமனை?" தேர்வு செய்ய வழியிருந்தால் குழந்தைகள் மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனையைக் கேளுங்கள்.

கையோடு கொண்டுபோகவேண்டியவை: இன்ஷூரன்ஸ் கார்டு, மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், ஒவ்வாமை விவரம், மூக்குக்கண்ணாடி, ஐ.இ.பி. நகல், நாடா இல்லாத மாற்றுடை. பிள்ளையின் போன், பெல்ட், ஷூ நாடாவை வாங்கிவைத்துவிடுவார்கள். இரத்தமும் சிறுநீரும் சோதிப்பார்கள். ஓர் ஊழியர் பார்வையிலேயே வைத்திருப்பார். இதெல்லாம் தண்டனை இல்லை என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சிறைக்கு வந்துவிட்டோம் என்றே அது நினைக்கும். மனநலப் படுக்கை கிடைக்காமல் இ.ஆர். எனப்படும் அவசரப் பிரிவிலேயே ஒன்றிரண்டு நாள் காத்திருக்க நேர்வதும் உண்டு, ஆகவே முறை வைத்துக் கூட இருங்கள். மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையில் இலவசமாகக் கேட்கலாம். அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், இந்தக் கேள்விகளைச் சுமக்கும் வயது அவர்களுக்கு இல்லை.

பணத்தை நினைத்துப் பயந்து திரும்பிப் போகவேண்டாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கட்டும் திறனைப் பார்க்காமல் இ.ஆர். பரிசோதித்து நிலைப்படுத்தியாகவேண்டும். எதிர்பாராத பில்களுக்கு எதிரான 2022 பாதுகாப்பு அவசரச் சிகிச்சைக்குப் பொருந்தும், தரைவழி ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது. ஆம்புலன்ஸ் பில் தனியாக வரும், பேசிக் குறைக்க முயலலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆசிரியர், கவுன்சலர், நர்ஸ், பல மாநிலங்களில் அந்த அதிகாரியும், குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் புகார் செய்தே ஆகவேண்டியவர்கள். "ரெண்டு அடி வச்சா சரியாயிடுவான்" என்பது அங்கே குழந்தைகள் நலத்துறையை வீட்டுக்கு வரவழைக்கக்கூடிய பேச்சு. அடிப்பதை நிறுத்துங்கள், அடிபட்ட பயமும் நெருக்கடியைக் கூட்டத்தான் செய்கிறது.

திரும்பிப் போகும் நாள்

வீடு திரும்பிய அன்றே, பாராசிட்டமால் உட்பட எல்லா மருந்தையும் பூட்டிவையுங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் வெளியேற்றுங்கள், உறவினர் வீட்டிலும் கேளுங்கள். மருத்துவமனை எழுதிக்கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.

பள்ளிக்கு அனுப்புமுன் மறுவரவுக் கூட்டம் கேளுங்கள். தினமும் காலையில் பிள்ளையைப் பார்க்கப்போகும் பெரியவர் யார், வகுப்பிலிருந்து எழுந்து போக அனுமதிச் சீட்டு உண்டா, விட்டுப்போன வீட்டுப்பாடத்தில் எவ்வளவு தள்ளுபடி, மற்ற பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று நான்கையும் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் தாள் முழுவதையும் கொடுக்கவேண்டியதில்லை, பள்ளிக்குத் தேவையான பரிந்துரைப் பக்கம் போதும்.

இதைக் காரணம் காட்டி 10 பள்ளி நாட்களுக்கு மேல் விலக்க முடிவெடுத்தால், ஐ.இ.பி.யோ 504 திட்டமோ உள்ள பிள்ளைக்கு அந்த நடத்தை குறைபாட்டின் வெளிப்பாடா என்று முதலில் கூடி ஆராயவேண்டும். ஐ.இ.பி. என்றால் அந்த முடிவிலிருந்து 10 பள்ளி நாட்களுக்குள். ஆம் என்று முடிவானால் பொதுவாகப் பிள்ளை பழைய இடத்துக்கே திரும்பவேண்டும்.

ஆவணங்களை உடனே கேளுங்கள். வராந்தா கேமரா பதிவுகள் சில வாரத்தில் அழிந்துவிடக்கூடும், ஆகவே அதே வாரம் "பதிவை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள்" என்று பள்ளிக்கும் போலீஸ் துறைக்கும் தனித்தனியே எழுதுங்கள், அதிகாரியின் உடல் கேமராவையும் சேர்த்து. பள்ளிக் கோப்பைக் கேட்டால் 45 நாளுக்குள் காட்டவேண்டும். போலீஸ் அறிக்கையில் "தாக்குதல்" என்று இருக்கிறதா, "மருத்துவ உதவி" என்று இருக்கிறதா என்று பாருங்கள், தவறாக இருந்தால் திருத்தம் கோருங்கள்.

விசாவைப் பற்றிய பயம் பல குடும்பங்களைச் சிகிச்சைக்கே போகவிடாமல் தடுக்கிறது. கட்டாயப் பரிசோதனை மருத்துவ நடவடிக்கை, குற்றத் தீர்ப்பு அல்ல. கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் மனநோய் என்ற பெயர் மட்டும் தடையாவதில்லை, அதோடு சேர்ந்த, பிறருக்கோ தனக்கோ ஊறு செய்யும் நடத்தையும், அது திரும்ப வரும் வாய்ப்புமே கேள்வி. அங்கே உங்களுக்கு உதவப்போவது, ஒழுங்காகச் சிகிச்சை எடுத்ததைக் காட்டும் மருத்துவரின் கடிதம். சிறுவர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் மட்டும், எதையும் ஒப்புக்கொள்ளுமுன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

உதவிக்கு, கூட்டாட்சி நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, கட்டணம் இல்லை. குறைபாடுள்ளவர்களின் உரிமைக்காக வாதாடும் பாதுகாப்பு அமைப்பும் அப்படியே. பிள்ளை குறைபாட்டின் காரணமாகப் பாகுபாட்டோடு நடத்தப்பட்டதாக நினைத்தால், கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் சம்பவம் நடந்த 180 நாளுக்குள் புகார் கொடுக்கவேண்டும். காலெண்டரில் அந்தத் தேதியை முதல் நாளே குறித்துவையுங்கள். பள்ளியோடு பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.